தைலமரக் காடு, கோயில்காடு: வேருக்குக் கீழ எறங்குற தண்ணியையும் சத்தையும் எப்படி அளக்குறது?

தேவகோட்டை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். மண்ணியல்ல ஆராய்ச்சி பண்றேன், களம் நம்ம பக்கம்தான், தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவுல. ஒரு பக்கம் அய்யனார் கோயில்காடு, வீரை, காசான், பாலை, நாவல்னு யாரும் ஒரு சுள்ளி கூட ஒடிக்காத காடு. வண்டிப்பாதைக்கு அங்கிட்டு தைலமரம். ரெண்டுக்கும் மேல ஒரே செம்மண், கொஞ்சம் தோண்டினா சரளை, அதுக்குக் கீழ செம்புறாங்கல்.

ரெண்டு பக்கமும் 30, 60, 100 சென்டிமீட்டர் ஆழத்துல செராமிக் கப் வச்ச உறிஞ்சு லைசிமீட்டர், அதாவது மண்ணுக்குள்ள இருக்குற தண்ணியை உறிஞ்சி எடுக்குற குழாய், புதைச்சிருக்கேன். கைப்பம்ப்ல 50 கிலோபாஸ்கல் வரைக்கும் வெற்றிடம் ஏத்திட்டு வந்துடுவேன், வாரம் ஒருதடவை பாட்டில் எடுப்பேன். பக்கத்துலயே மண் ஈரம் பாக்குற சென்சாரும் இருக்கு. போன ஐப்பசி கார்த்திகைல நல்லாவே தண்ணி சேந்துச்சு, லேப்ல குடுத்துப் பாத்தா 100 சென்டிமீட்டர் தண்ணில தைலமரப் பக்கம் நைட்ரேட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. "தைலமரக் காட்டுல சத்து இழப்பு ரெண்டு மடங்கு"ன்னு எழுதிரலாம்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஆனா ஏன் ஒப்பலன்னு சரியா சொல்லவும் தெரியல.

இன்னொண்ணு, ஹைட்ரஸ் ஒன்-டி போட்டுப் பாத்தேன், மண்ணுல தண்ணி மேலருந்து கீழ எறங்குறதை மட்டும் கணக்குப் போடுற கணினி மாடல். மணல் வண்டல் களி விகிதத்தைக் குடுத்தா மண்ணு தண்ணியை எப்படிப் பிடிக்கும், கடத்தும்னு ஊகிச்சுச் சொல்ற ரொசெட்டாங்கிற நிரல்ல வந்த எண்களை அப்படியே போட்டேன். மாடல் கணக்குப்படி மழை பேஞ்சு பல நாள் கழிச்சுதான் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஈரம் போகணும். ஆனா கோயில்காட்டுல ராத்திரி பேஞ்ச மழைக்கு மறுநாள் காலைலயே 100 சென்டிமீட்டர் சென்சார் எகிறி நிக்குது. எதை நம்புறது?

மண்ணும்நீரும்:

தங்கச்சி, உங்க மனசு ஒப்பாததுதான் சரி. பாட்டில்ல இருக்குறது செறிவு, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்ங்கிறது மட்டும்தான். இழப்புங்கிறது செறிவையும் வேருக்குக் கீழ எறங்கிப் போன தண்ணியோட அளவையும் பெருக்கினா வர்றது. அந்த ரெண்டாவது எண்ணை கப் சொல்லவே சொல்லாது, ஏன்னா கப்புல எவ்வளவு தண்ணி சேருதுங்கிறது நீங்க ஏத்துற வெற்றிடத்தையும் மண்ணோட ஈரத்தையும் பொறுத்தது, இயற்கையா எவ்வளவு எறங்குதுங்கிறதுக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல.

கணக்கு சுலபம். ஒரு மில்லிமீட்டர் தண்ணின்னா சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 100 மில்லிமீட்டர் எறங்குச்சுன்னா ஹெக்டேருக்கு பத்து லட்சம் லிட்டர், அதுல லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தா ஹெக்டேருக்கு 1 கிலோ போச்சு. சும்மா பேச்சுக்கு வச்சுக்குங்க, கோயில்காட்டுல 1.5 மில்லிகிராம், 150 மில்லிமீட்டர் எறங்குதுன்னா 2.25 கிலோ. தைலமரத்துல செறிவு 3, ஆனா மரம் குடிச்சது போக 40 மில்லிமீட்டர்தான் எறங்குதுன்னா 1.2 கிலோ. செறிவு ரெண்டு மடங்கு, இழப்பு பாதிகிட்ட. தண்ணி குறைஞ்சாலே மிச்சத் தண்ணில உப்பு கூடித்தான் தெரியும்.

லேப் ரிப்போர்ட்டையும் ஒருதடவை பாருங்க, நைட்ரேட்னு குடுத்திருக்காங்களா நைட்ரேட்ல இருக்குற நைட்ரஜன்னு குடுத்திருக்காங்களான்னு. 62-ஐ 14-ஆல வகுத்தா 4.43, அத்தனை மடங்கு வித்தியாசம் அந்த ஒரு வார்த்தைல இருக்கு.

இப்ப எறங்குற தண்ணியை எப்படிக் கண்டுபிடிக்கிறது. மழையில இருந்து இலைல நின்னு ஆவியானது, மரம் குடிச்சது, மேலால ஓடினது, மண்ணுல தங்குனது எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் வரும்னு புத்தகம் சொல்லும். நம்ம ஊர்ல அதுல பெரிய வில்லங்கம் இருக்கு. வருஷத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை, அதுல 800 ஆவியாவும் மரத்து வழியாவும் போச்சுன்னா மிச்சம் 100. ஆவியாதல் கணக்குல பத்து சதவீதம் பிசகினா 80, உங்க மிச்சத்தையே கிட்டத்தட்ட முழுங்கிரும். அதனால இந்த ஒரு வழியை மட்டும் நம்பி எழுதாதீங்க.

குளோரைடு வழி இருக்கு, செலவு கம்மி. வேர் குளோரைடை ரொம்ப எடுத்துக்காது, மண்ணும் பெருசா பிடிச்சு வைக்காது. மழையோட வந்த குளோரைடு எவ்வளவோ அவ்வளவும் எறங்குற தண்ணியோடதான் கீழ போகணும். 900 மில்லிமீட்டர் மழைல லிட்டருக்கு 2 மில்லிகிராம், வேருக்குக் கீழ மண்தண்ணில 20 மில்லிகிராம்னா, எறங்குனது 90 மில்லிமீட்டர். மண்தண்ணில 60 இருந்தா 30 மில்லிமீட்டர். கடல் நமக்குத் தூரமில்ல, காத்துல வர்ற உப்பு இலைல படிஞ்சு அடுத்த மழைல கழுவி விழும், அதனால வெட்டவெளி மழைத் தண்ணியை மட்டும் பாக்காம மரத்தடியில சொட்டுற தண்ணிலயும் குளோரைடு பாருங்க.

கண்மாய்க்கரை:

ஆத்தா, நான் பாசன வேலைல இருந்து ஓய்வு பெத்தவன், கோட்டையூர் பக்கம். மாடல் கீடல் தெரியாது, ஆனா தண்ணி எங்கிட்டு போகும்னு தெரியும். ரெண்டு விஷயம் கேக்கணும். அந்தத் தைலமரம் எப்ப வெட்டுனது? கட்டையில தழைச்சு வர்றதா, வளந்து நிக்கிறதா? ரெண்டாவது, உள்ள வரப்பு போட்டிருக்கா, குழி வெட்டியிருக்கா?

எதுக்குக் கேக்குறேன்னா நம்ம பக்கம் நிறைய தைலமரக் காட்டுல மழைத் தண்ணி வெளிய போகாம இருக்கணும்னு வரப்பு கட்டி வாய்க்கால் மாதிரி வெட்டிப் போட்டிருப்பாங்க, கண்மாய்க்கு வர்ற வரத்துக்கால் அங்கயே செத்துப்போகும். கண்மாய் பெருகலன்னு ஊரே கத்துறது அதுக்குத்தான். அப்படி இருந்தா உங்க லைசிமீட்டர் வரப்புக்கு மேல்பக்கம் இருக்கா கீழ்பக்கம் இருக்காங்கிறதைப் பொறுத்து எறங்குற தண்ணி மொத்தமா மாறிப்போகும். கோயில்காட்டுல எந்த வரப்பும் இருக்காது, தண்ணி அது பாட்டுக்குச் சருகு மேல படிஞ்சு மெல்ல ஊறும்.

இன்னொண்ணு, செம்புறாங்கல் மேல தண்ணி நிக்கும். கார்த்திகைல கிணறு வெட்டுறவங்களுக்குத் தெரியும், சரளைக்கும் கல்லுக்கும் நடுவுல பக்கவாட்டுல இருந்து ஊத்து கசியும். அந்தத் தண்ணி கீழ போறதில்ல, சரிவைப் பாத்து ஊருணிக்கோ கண்மாய்க்கோ போகுது. அதை உங்க கணக்குல எங்க வைப்பீங்க?

தேவகோட்டை_பொண்ணு:

ஐயா, போன வருஷம் கோடைல வெட்டுனது, இப்ப கட்டைல தழைச்சு ஆள் உயரத்துக்கு நிக்குது. வரப்பு இருக்கு, லைசிமீட்டர் எல்லாம் ரெண்டு வரப்புக்கு நடுவுல இருக்கு. அண்ணே சொன்ன குளோரைடு கணக்கை ரெண்டு பக்கமும் போட்டுப் பாக்குறேன், பழைய பாட்டில் தண்ணி ஃபிரிட்ஜ்ல மிச்சம் இருக்கு.

மண்ணும்நீரும்:

ஐயா கேட்ட கேள்விதான் முக்கியம், அதுல நான் மேல சொன்னது கொஞ்சம் தலைகீழாகுது. வளந்த தைலமரம்னா எறங்குற தண்ணி குறைச்சலா இருக்கும்னு எடுத்துக்கலாம். ஆனா வெட்டுன காட்டுல குடிக்கிற இலையே இல்ல, அதனால தண்ணியும் கூட எறங்கும். சருகும் செத்த வேரும் மக்கி நைட்ரேட் ஆகுது, எடுத்துக்க வேர் இல்ல, அதனால செறிவும் கூடும். ரெண்டும் ஒண்ணா கூடுனா இழப்பு ரெண்டு மடங்கில்ல, அதுக்கு மேலயும் போகலாம். ஆக உங்க ஆளுங்க சொன்ன முடிவு கடைசில சரியாவே கூட இருக்கலாம், ஆனா பாட்டில் செறிவை வச்சு மட்டும் அதைச் சொல்ல முடியாது.

இதுக்கு உலகத்துலயே பேர்போன சோதனை அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல ஹப்பர்ட் புரூக் காட்டுல நடந்தது. 1965 கடைசில ஒரு சின்ன நீர்ப்பிடிப்பு முழுசையும், 15.6 ஹெக்டேர், வெட்டிப் போட்டு, திரும்ப எதுவும் தழைக்காம அடுத்த சில வருஷம் களைக்கொல்லியும் அடிச்சாங்க. ஓடைல நைட்ரேட் பல பத்து மடங்கு எகிறிச்சு, கூடவே கால்சியமும் பொட்டாசியமும் போச்சு, ஓடைத் தண்ணியோட அளவும் கூடிச்சு. லைக்கன்ஸ், போர்மன் குழு 1970-ல அதை விரிவா எழுதினாங்க. உங்க இடத்துல கட்டை தழைச்சு வர்றதால அந்த அளவுக்குப் போகாது, தழைக்கிற வேர் சீக்கிரமே பிடிச்சுக்கும்.

ஒண்ணைக் கவனிக்கணும். ஹப்பர்ட் புரூக்ல அடில தண்ணி புகாத பாறை, அதனால உள்ள வந்தது எல்லாம் ஓடை வழியாத்தான் வெளிய போகணும், ஓடை வாய்ல ஒரு தடுப்பு கட்டி அளந்தா மொத்தக் கணக்கும் கைல. நம்ம செட்டிநாடு தட்டையான பூமி, வருஷம் பூரா ஓடுற ஓடை கிடையாது, சரளையும் செம்புறாங்கல்லும் தண்ணியை அங்கங்க உள்ள இழுக்கும். அதனால நமக்கு அந்த வழி சரிப்படாது, மண்ணுக்குள்ளயே நின்னு அளக்கணும்.

குளோரைடு கணக்குலயும் இதே சிக்கல் இருக்கு. அது பல வருஷமா நிலைமை ஒரே மாதிரி இருந்தாத்தான் பொருந்தும். கோயில்காட்டுக்கு அழகாப் பொருந்தும். வெட்டுன காட்டுல மரம் நின்ன காலத்துல தங்கிப்போன பழைய குளோரைடு இப்ப கழுவி எறங்கிட்டு இருக்கும், அதனால ஒரே ஒரு ஆழத்துல பாக்காம 30-ல இருந்து முடிஞ்ச ஆழம் வரைக்கும் வரிசையா பாருங்க. மேல கம்மியாவும் கீழ கூடவும் இருந்தா மேல இருக்குறது புதுக் கதை, கீழ இருக்குறது பழைய கதை.

இப்ப மறுநாள் காலைல எகிறுன சென்சார். அதை நம்புங்க. ஹைட்ரஸ் அடிப்படைல தீர்க்குறது 1931-ல ரிச்சர்ட்ஸ் எழுதின சமன்பாடு, மண்ணு பூரா ஒரே சீரா நனைஞ்சு எறங்கும்னு வச்சுக்கிட்டு போடுற கணக்கு. காட்டு மண்ணு அப்படி இல்ல. செத்த வேர் போன குழாய், கரையான் போட்ட வழி, சரளைக்கு இடையில இருக்குற சந்து, இதுல எல்லாம் தண்ணி நேரா எறங்கும், பக்கத்துல இருக்குற மண்ணு காய்ஞ்சே இருக்கும். ரொசெட்டா எண்களும் பெரும்பாலும் அமெரிக்க ஐரோப்பிய மண் மாதிரிகளை வச்சுப் பழக்கினது, அதுவும் ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல இருக்குற சரளையைச் சலிச்சு எடுத்துட்டு பண்ணின சோதனையை வச்சு. நம்ம மண்ணுல அந்தச் சரளைதான் பாதி விஷயம்.

கண்ணால பாக்கணும்னா நீலச் சாயம் ஊத்திப் பாருங்க. பிரில்லியன்ட் ப்ளூன்னு சாப்பாட்டுல போடுற சாயம்தான், லிட்டருக்கு நாலு கிராம் கரைச்சு, ஒரு மீட்டர் சதுரத்துல பூவாளில மழை மாதிரி மெல்லத் தெளிங்க, மறுநாள் பக்கவாட்டுல குழி வெட்டி சுவரை கொல்லத்துக்காரர் கரண்டியால சீவிச் சீவிப் படம் எடுங்க. நான் இதே மாதிரி செம்மண்ணுல பாத்தப்ப மேல ஒரு சாண் முழுக்க நீலம், அதுக்குக் கீழ சிவப்பு மண்ணுல விரல் விரலா நீலம் எறங்கியிருந்துச்சு, ஒவ்வொரு விரலையும் தொட்டுக்கிட்டே போனா நடுவுல கருத்துப்போன ஒரு செத்த வேர்த் தோல், சில இடத்துல கரையான் மண் பூசின குழாய், சரளையைத் தொட்ட இடத்துல கல்லைச் சுத்தி நீலம் பூசினாப்புல. பக்கத்து மண்ணைக் கைல பிசைஞ்சா பொடிஞ்சு கொட்டுது. கோயில்காட்டுல தோண்ட விடமாட்டாங்க, விடவும் கூடாது, பாதை ஓரம் இருக்குற விளிம்புல செஞ்சா போதும்.

செராமிக் கப் இழுக்குறது நடுத்தர, சின்னச் சந்துல நிக்கிற தண்ணியை. வேகமா எறங்குற தண்ணி அதைத் தொடாமலே போயிரும். அந்தத் தண்ணியைப் பிடிக்கணும்னா வெற்றிடம் இல்லாத தட்டு லைசிமீட்டர், பக்கவாட்டுல குகை மாதிரி தோண்டி உள்ள தள்ளணும். ஆனா மேல மண்ணு முழுசா ஊறினாத்தான் தட்டுல சொட்டும், மத்த நேரம் தண்ணி தட்டைச் சுத்திப் போயிரும், அதனால அது குறைச்சுக் காட்டும். நடுவாந்தரமா கண்ணாடி இழைத் திரி தொங்கவிட்ட லைசிமீட்டர் இருக்கு, அரை மீட்டர் திரி ஏறக்குறைய 5 கிலோபாஸ்கல் இழுவை குடுக்கும், தானாவே இழுக்கும், எறங்குற அளவையும் சொல்லும். ஒவ்வொரு பக்கமும் ரெண்டு மூணு வச்சீங்கன்னா குளோரைடு கணக்கைச் சரிபாக்க ஒரு ஆதாரம் கிடைக்கும்.

பள்ளத்தூர்_லேப்:

அண்ணே சொன்னது எல்லாம் தண்ணி பக்கம். நான் பாட்டில் பக்கம் சொல்றேன், ஏன்னா வாரம் ஒருதடவை எடுக்குறீங்கன்னு படிச்சதும் பதறிப்போச்சு. நம்ம வெயில்ல ஒரு வாரம் பாட்டில் வெளிய கிடந்தா உள்ள இருக்குற நுண்ணுயிர் அம்மோனியத்தை நைட்ரேட்டா மாத்திரும், பாசி பிடிச்சா நைட்ரேட்டைத் தின்னுரும். பாட்டிலை மண்ணுக்குள்ள புதைச்ச ஒரு மூடி போட்ட பைப்புக்குள்ள வைங்க, வெளிச்சம் படக்கூடாது, அடைமழைக் காலத்துல ரெண்டு நாளைக்கு ஒருதடவையாவது எடுங்க, எடுத்ததும் வடிகட்டி ஐஸ் பெட்டில வச்சுக் கொண்டு வாங்க.

புதுக் கப்பை நீர்த்த அமிலத்துல கழுவி, அப்புறம் காய்ச்சி வடிச்ச தண்ணில நல்லா அலசி, களத்துல முதல்ல வர்ற தண்ணியைக் கொட்டிட்டுத்தான் கணக்குல எடுக்கணும், இல்லன்னா கப்போட கால்சியமே உங்க ரிப்போர்ட்ல வரும். பாஸ்பேட்டை மட்டும் கப்பை நம்பி எழுதாதீங்க, செராமிக்கே அதைப் பிடிச்சு வச்சுக்கும். அதுவும் போக நம்ம செம்மண்ணுல இரும்பு, அலுமினிய ஆக்சைடு பாஸ்பேட்டைக் கட்டிப் பிடிச்சுக்கும், ஒரு மீட்டருக்குக் கீழ போறது சொற்பம். பொட்டாசியம் வேற மாதிரி, அது இலைல இருந்தே மழைல கழுவி விழும், மரத்தடிச் சொட்டுத் தண்ணில அதைத்தான் முதல்ல பாப்பீங்க.

நைட்ரேட் மட்டும் பாத்தா கோயில்காட்டுக்கு அநியாயம் பண்றீங்க. பழைய காட்டுல நைட்ரஜன் நிறைய கரிமச் சேர்மமா கரைஞ்சு போகும், நைட்ரேட் சோதனைல அது தெரியாது. தென் அமெரிக்காவுல தொழிற்சாலைக் காத்தே படாத காடுகள்ல ஓடையோட போற நைட்ரஜன்ல பெரும்பங்கு கரிம நைட்ரஜன்னு 2002-ல பெராகிஸும் ஹெடினும் காமிச்சாங்க. அதனால மொத்த கரைந்த நைட்ரஜனும் பண்ணச் சொல்லுங்க, அதுல நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் கழிச்சா கரிமம் வந்துரும்.

மரத்தடி சேகரிப்புல பறவை எச்சம் விழுந்தா அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுருங்க, ஒரு சொட்டு எச்சம் பாஸ்பேட்டையும் அம்மோனியத்தையும் எங்கயோ கொண்டு போயிரும். ஆனா எத்தனை தடவை விழுந்துச்சுன்னு எழுதி வைங்க, அது காட்டுக்கு வர்ற உண்மையான சத்துதான். நம்ம வேட்டங்குடி பக்கம் பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரங்களுக்கு அந்தக் கண்மாய்த் தண்ணியும் எச்சமும் வயலுக்கு என்ன பண்ணும்னு நல்லாவே தெரியும்.

ஆடி ஆவணில வர்ற இடிமழையை விட்றாதீங்க. மாசக்கணக்கா காய்ஞ்ச மண்ணு முதல் மழைல நனைஞ்சதும் நுண்ணுயிர் ஒரே மூச்சுல வேலை பாத்து நைட்ரேட்டைக் கொட்டும், பர்ச்ங்கிறவர் 1958-ல விவரிச்சது. அப்ப ஒரு மீட்டருக்குத் தண்ணி எறங்காது, அதனால அந்த நைட்ரேட் மேல் மண்ணுலயே காத்திருந்து ஐப்பசில கீழ போகும். ஐப்பசில மட்டும் அளக்க ஆரம்பிச்சீங்கன்னா அது எங்க இருந்து வந்துச்சுன்னே புரியாது.

தேவகோட்டை_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோயில்காட்டுல அம்பலகாரர்கிட்ட திரும்பப் பேசினேன், புத்துக்குப் பக்கத்துல போகக்கூடாது, செருப்பு போடக்கூடாது, அய்யனாருக்கு மண்குதிரை எடுக்குற புரவி எடுப்பு சமயத்துல எதுவும் தோண்டக்கூடாது, மத்தபடி பாதை ஓரத்துல செய்யின்னு சொல்லிட்டார். சாயச் சோதனை அங்கதான். கடைசியா ஒண்ணு, ஐயா சொன்ன பக்கவாட்டுத் தண்ணியை ஒன்-டி மாடல்ல எப்படிக் கொண்டு வர்றது? மாடலோட கீழ் எல்லைல தண்ணி தடையில்லாம வடியும்னு குடுத்திருக்கேன்.

கண்மாய்க்கரை:

முதல்ல தண்ணி நிக்குதான்னு பாருங்க ஆத்தா. ஒரு அங்குல பிவிசி பைப்ல கீழ் ஒரு அடிக்கு ஓட்டை போட்டு, துணி சுத்தி, கல்லு தட்டுற வரைக்கும் எறக்கி, சுத்தி மணல் போட்டு மேல களிமண்ணால அடைச்சுருங்க. சரிவுல மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அடைமழை முடிஞ்ச மறுநாள் ஒரு குச்சி விட்டுப் பாத்தாலே தெரிஞ்சுரும். கீழ்ப் பைப்புல தண்ணி கூடக் காலம் நின்னா பக்கவாட்டு ஓட்டம் இருக்குன்னு அர்த்தம்.

மண்ணும்நீரும்:

ஐயா சொன்ன பைப்புல தண்ணி நின்னா தடையில்லா வடிகால்ங்கிறது பொய்யாப் போச்சு, அந்த எல்லையை மாத்தணும். செம்புறாங்கல்லைத் தனி அடுக்கா குடுத்து அதுக்கு நீர்க்கடத்தும் திறனைக் குறைச்சு வைங்க, பைப்ல பாத்த நீர்மட்டமும் மாடல் சொல்ற நீர்மட்டமும் ஒத்து வர்ற வரைக்கும் அந்த ஒரு எண்ணை மட்டும் நகர்த்துங்க. மாடல்ல தண்ணி நிஜத்தைவிட ரொம்ப நாள் நின்னா அந்த மிச்சம் பக்கவாட்டுல போனதுன்னு எடுத்துக்கலாம், அதை ஒன்-டி நேரடியா காட்டாது, ஆனா எவ்வளவுன்னு ஒரு வரம்பு கிடைக்கும்.

வேகத் தண்ணிக்கு ஹைட்ரஸ்லயே இரட்டை ஊடுருவல்னு ஒரு தேர்வு இருக்கு, சந்துல ஒரு ஓட்டம், மண்ணுல ஒரு ஓட்டம், ரெண்டுக்கும் நடுவுல கொடுக்கல் வாங்கல். எண்கள் ரெட்டிப்பாகும், ஈர சென்சாரை மட்டும் வச்சு அத்தனையையும் பொருத்தினா பத்து விதமா பொருந்தும், பத்துலயும் எறங்குற தண்ணி பத்து மாதிரி வரும். அதனால ஈரம், பைப் நீர்மட்டம், குளோரைடு மூணையும் ஒரே நேரத்துல பொருத்துங்க, மூணுக்கும் ஒத்து வராத எண் கூட்டங்களைத் தள்ளிட்டு மிச்சம் இருக்குறதை வச்சு இழப்பை ஒரு வரம்பா எழுதுங்க, இத்தனை கிலோல இருந்து இத்தனை கிலோ வரைக்கும்னு. தைலமரப் பக்கத்துக்கு வெட்டி லாரில ஏத்திப் போன மரத்தோட போன கால்சியம் பொட்டாசியத்தையும் தனிப் பத்தியா போடுங்க. பட்டையை அங்கயே உரிச்சுப் போட்டாங்களா பட்டையோட கொண்டு போனாங்களான்னு வெட்டுன ஆளுங்ககிட்ட இப்பவே கேட்டு வச்சுக்குங்க, தைலமரப் பட்டைல கால்சியம் நிறைய, அடுத்த மழைக்குள்ள கேக்கலன்னா அந்த ஆளுங்களைப் பிடிக்க முடியாது.